தூரிகையால் பிக்சல் ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடியோ கேம்களில் பார்த்த, பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆன உருவங்களைத் தாளிலும் கேன்வாஸிலும் கையால் தீட்டிப் பார்க்கும் ஆர்வம் ஓவியம் பழகுகிறவர்களிடம் பெருகி வருகிறது. நானும் தீட்டுகிறேன், கேட்பவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கணினியில் ஒரு நொடியில் கிடைப்பதைக் கையால் எதற்காகத் தீட்ட வேண்டும்?

இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதால்தான். ஒரு புகைப்படத்தைக் கணினியிடம் கொடுத்துக் கட்டங்களாக்கச் சொன்னால், அது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருக்கும் நிறங்களைக் கூட்டிச் சராசரி எடுத்து வைக்கிறது. எது கண், எது இலை, எது நிழல் என்று அது பார்ப்பதில்லை. முகத்தில் உயிர் தரும் சின்னக் கருவிழி பக்கத்துத் தோல் நிறத்தோடு கலந்து மங்கிய பழுப்பாகிவிடும். ஓவியர் அந்த இடத்தில் நின்று யோசிப்பார்: இந்தக் கட்டம் கருப்பா, பழுப்பா? இரண்டில் ஒன்றுதான் முடியும். பிக்சல் ஓவியத்தின் சுவை முழுவதும் இந்த முடிவில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீடியோ கேம் நாயகன் மாரியோவின் உருவமே இதற்கு நல்ல சாட்சி. ஜப்பானிய விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ 1981இல் டாங்கி காங் விளையாட்டுக்காக அந்த உருவத்தை அமைத்தபோது கையில் இருந்த கட்டங்கள் மிகக் குறைவு. வாய் வரைய இடமில்லாததால் பெரிய மூக்கும் மீசையும் வந்தன. தலைமுடியை அந்த அளவில் காட்டுவது கடினம் என்பதால் தொப்பி வந்தது. ஓடும்போது கை அசைவது உடலோடு கலந்துவிடாமல் தனியாகத் தெரிவதற்காகச் சட்டைக்கு ஒரு நிறம், அதன் மேல் தோள்பட்டை வைத்த கால்சட்டைக்கு இன்னொரு நிறம். உலகமே அறிந்த ஓர் உருவம் இப்படி இடப்பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. எந்தச் சராசரிக் கணக்கும் அந்த மீசையைக் கண்டுபிடித்திருக்காது.

முதல் ஓவியத்துக்கு எத்தனை கட்டங்கள் வைத்துக்கொள்வது?

16க்கு 16. மொத்தம் 256 கட்டங்கள். கட்டத்துக்கு 1 செ.மீ. என்றால் ஓவியம் 16 செ.மீ. சதுரம், ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். ஒரு மாம்பழம், ஒரு டம்ளர், ஒரு சாவி என்று ஒற்றைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி 24க்கு 24. கட்டத்துக்கு 7 மி.மீ. வைத்தால் 16.8 செ.மீ. வரும். பறவை, பூனை, எளிய முகம் எல்லாம் இந்த அளவில் நன்றாக அமையும். 32க்கு 32 போனால் 1,024 கட்டங்கள்; 5 மி.மீ. கட்டத்தில் இதுவும் 16 செ.மீ.தான். 64க்கு 64 என்பது 4,096 கட்டங்கள். 5 மி.மீ. வைத்தால் 32 செ.மீ. ஆகிவிடும், ஏ3 தாளின் அகலமே 29.7 செ.மீ. என்பதால் அடங்காது, 4 மி.மீ.க்கு இறங்க வேண்டும்.

படம் சரியாக வராதபோது கட்டத்தைச் சிறிதாக்கிவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. அந்த ஆசைக்கு இணங்காதீர்கள். 16 கட்டத்தில் அடையாளம் தெரியாத யானை 64 கட்டத்திலும் தடுமாறும், ஏனென்றால் தும்பிக்கை, காது, முதுகின் வளைவு ஆகியவற்றில் எது முக்கியம் என்று இன்னும் நீங்கள் முடிவு செய்யவில்லை.

எந்த வண்ணம், எந்தத் தாள்?

தொடங்குகிறவர்களுக்குப் போஸ்டர் கலரையே பரிந்துரைப்பேன். சீராகப் பரவும், அடியில் இருப்பதை மறைக்கும், பிழையான கட்டத்தின் மேல் இன்னொரு நிறத்தை வைத்துவிடலாம். எந்த ஊர் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். குவாஷ் என்ற, அடியை மறைக்கும் தடித்த நீர்வண்ணம் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

வாட்டர் கலரின் அழகு வேறு மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ணம் ஓரத்தில் சற்று அடர்ந்து, நடுவில் சற்று வெளிறிக் காயும். திரையில் எந்தப் பிக்சலுக்கும் இந்தக் குணம் கிடையாது. கை தீட்டியது என்று சொல்லாமலே தெரியும். ஆனால் திருத்துவது கடினம் என்பதால் ஒன்றிரண்டு ஓவியங்கள் முடித்த பிறகு அதற்கு வாருங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் கனம் இருக்கட்டும்; மெல்லிய வரைதாள் ஈரத்தில் உப்பிக்கொள்ளும், கட்டக்கோடுகள் அலை அலையாகிவிடும்.

கேன்வாஸுக்கு அக்ரிலிக். நெசவு சொரசொரப்பாக இருந்தால் கட்டத்தின் ஓரம் நேராக வராது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று முறை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணத்திலும் தீட்டலாம், ஆனால் பக்கத்துக் கட்டம் காய நாள்கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

கட்டம் போடுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் சிறிய புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியிலும் போட்டு, இருபது முப்பது அடி உயர முகங்களைத் தீட்டினார்கள். பள்ளியிலும் நாம் அப்படித்தான் தலைவர் படங்களைப் பெரிதாக்கினோம். அங்கே வேலை முடிந்ததும் கட்டம் வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும். இங்கே கட்டம்தான் கடைசிவரை கண்ணுக்குத் தெரியப் போகிறது, ஆகவே அரை மில்லிமீட்டர் பிசகும் தெரியும்.

அளவுகோலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு கட்டமாக அளக்காதீர்கள். சிறு சிறு பிசகு சேர்ந்து கடைசிக் கட்டம் ஒல்லியாகிவிடும். அளவுகோலை ஒரே இடத்தில் வைத்து, 7, 14, 21, 28 என்று ஓரம் முழுவதும் புள்ளி வைத்துவிட்டு, எதிர் ஓரத்திலும் அப்படியே வைத்து, பிறகு இணையுங்கள். எச் பென்சிலை அழுத்தாமல் ஓட்டுங்கள். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், வண்ணம் அதில் தேங்கும்.

வாட்டர் கலர் தீட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வண்ணம் மூடிய பென்சில் கோட்டை அழிப்பான் அழிக்காது. அடர்ந்த நீலத்துக்கு அடியில் அது தெரியாது, மஞ்சளுக்கு அடியில் அழுக்காகத் தெரியும். மஞ்சள், வெளிர் ரோஸ் போன்ற நிறங்கள் வரும் பகுதியில் கோட்டை அழிப்பானால் ஒற்றியெடுத்து, நிழலாகத் தெரியும் அளவுக்கு மட்டும் விட்டுவைத்து அதன் பிறகு தீட்டுங்கள்.

ஒரு சதுரத்தைச் சுத்தமாக நிரப்பவே முடியவில்லை. எப்படித்தான் செய்வது?

முதலில் தூரிகை. கூர்முனைத் தூரிகையால் சதுரம் நிரப்ப முயல்வதுதான் பெரும்பாலும் சிக்கல். தட்டைத் தூரிகை எடுங்கள். அதன் அகலம் கட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும்.

பிறகு பதம். போஸ்டர் கலரைத் தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்தில் கரையுங்கள். தூரிகையை நனைத்து, தட்டின் விளிம்பில் இரண்டு பக்கமும் ஒருமுறை இழுத்து, முனை உளிபோல் நேராக நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். கட்டத்தின் இடது ஓரத்தில் முனையை நிறுத்தி வைத்து, வலது ஓரத்துக்கு ஒரு மயிரிழை முன்பு வரை ஒரே இழுப்பு. தாளைத் திருப்பிக்கொண்டு, வலது ஓரத்தில் முனையை நிறுத்தி உள்நோக்கி ஒரு சிறு இழுப்பு. எப்போதும் ஓரத்திலிருந்து உள்ளே இழுங்கள், உள்ளிருந்து ஓரத்துக்குத் தள்ளாதீர்கள். மூலையில் இடைவெளி இருந்தால் கூர்முனைத் தூரிகையால் தொட்டு நிரப்பினால் போதும்.

வாட்டர் கலரில் ஈரமான இரண்டு கட்டங்கள் ஒட்டி நின்றால் ஒன்றின் நிறம் மற்றொன்றுக்குள் ஓடிவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாகத் தீட்டிக் காயவிட்டு, இடையில் உள்ளவற்றுக்குப் பிறகு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய நேரமாகும். மின்விசிறியின் கீழ் வையுங்கள். சித்திரை வெயிலில் நேர்மாறான தொல்லை, தட்டில் கலந்த வண்ணம் அரைமணியில் கெட்டியாகிவிடும். கலந்ததை மூடியுள்ள சிறு டப்பாக்களில் வைத்துக்கொள்வது நல்லது. பாதி ஓவியத்தில் தீர்ந்துபோன நிறத்தை மறுபடி அதேபோல் கலப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதால், தேவைக்கு மேலேயே கலந்து வையுங்கள்.

எத்தனை நிறங்கள் பயன்படுத்தலாம்?

முதலில் நான்கு. அதுவும் ஒரே நிறத்தின் நான்கு அடர்த்திகள். 1989இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் திரை 160க்கு 144 புள்ளிகள் கொண்டது. அதில் இருந்தவை நான்கே சாயல்கள். அந்த நான்கைக் கொண்டு காடும் கடலும் கோட்டையும் காட்டினார்கள். நான்கு சாயல்களில் ஓர் உருவத்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு நிறங்கள் பிறகு தாமாகக் கைவரும். பிறகு எட்டுக்குப் போகலாம். பன்னிரண்டுக்கு மேல் நான் போவதில்லை.

நிறம் கலக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். போஸ்டர் கலரில் வெளிர் நிறங்கள் காய்ந்ததும் சற்று அடர்ந்துவிடும், அடர் நிறங்கள் சற்று வெளிறும். அக்ரிலிக் பொதுவாகக் காய்ந்ததும் அடரும். ஆகவே தனித்தாளில் தொட்டு, காயவைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது செய்தி சுவையானது. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரேல், சில சாயங்கள் மங்கித் தெரிகின்றன என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருக்கும் நூலின் நிறமே அதை அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1839இல் புத்தகமாக வெளியிட்டார். நம் கட்டங்களில் இது தினமும் நடக்கிறது. ஒரே சாம்பல் கட்டம், ஆரஞ்சுகளின் நடுவே நீலம் பாய்ந்ததாகவும், நீலங்களின் நடுவே சூடாகவும் தெரியும். இதைப் புரிந்துகொண்டால் எட்டு நிறங்களில் பதினைந்து நிறங்களின் தோற்றத்தைக் கொண்டுவர முடியும்.

வளைவுகள் எல்லாம் பல்லுப் பல்லாக வருகின்றன. வட்டம் வட்டமாகத் தெரிய வழி உண்டா?

உண்டு. படிகளின் நீளம் சீராக மாற வேண்டும், அவ்வளவுதான். நீளமான படி, அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது என்று குறைந்து, பிறகு அதே வரிசையில் கூட வேண்டும். இடையில் ஒரு படி முந்தியதைவிடத் திடீரென்று நீண்டால் கண் அங்கே இடறும்.

12 கட்ட அகலமுள்ள நிரப்பிய வட்டத்துக்கு மேலிருந்து கீழாக வரிசைகளின் அகலம் இது: 4, 8, 10, 10, 12, 12, 12, 12, 10, 10, 8, 4. ஒவ்வொரு வரிசையையும் நடுவில் நிறுத்தித் தீட்டிப் பாருங்கள், கொஞ்சம் தள்ளி நின்றால் வட்டமாகவே தெரியும். சாய்கோட்டுக்கும் இதே விதி: 2, 2, 2, 2 என்று ஏறும் கோடு நேராகத் தெரியும், 2, 3, 1, 2 என்று ஏறினால் நடுங்கும்.

ஓரங்களில் இடைநிறக் கட்டங்கள் வைத்துப் படிகளை மழுப்பும் பழக்கம் கணினி ஓவியர்களிடம் உண்டு. தாளில் இதைக் குறைவாகவே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. படிகள் தெரிவதற்காகத்தானே இந்தப் பாணிக்கே வந்தோம்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுவதும் விளக்க முடியுமா?

வெண்மார்பு மீன்கொத்தியை எடுத்துக்கொள்கிறேன். கிணற்றடியிலும் வயல்வரப்பிலும் மின்கம்பியிலும் பார்க்கிற பறவை. செம்பழுப்புத் தலை, வெள்ளைத் தொண்டையும் மார்பும், பளிச்சென்ற நீலப்பச்சை முதுகு, பெரிய சிவப்பு அலகு. பெரிய பெரிய நிறப்பகுதிகளாகப் பிரிந்திருப்பதால் 24க்கு 24 கட்டத்துக்கு ஏற்ற உடல்.

முதலில் கிராஃப் தாளில் நிழலுருவத்தை மட்டும் பென்சிலால் நிரப்புங்கள். கருப்பாக நிரப்பிய நிலையிலேயே மீன்கொத்தி என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் அலகில் இருக்கும். இந்தப் பறவையின் அலகு தலையளவுக்கே நீளம். ஆறு கட்டம் தாராளமாகக் கொடுங்கள், அடியில் இரண்டு கட்ட உயரம், முனையில் ஒன்று. மேல்வரிசை சிவப்பு. கீழ்வரிசையில் அலகின் அடிப்பகுதி நிழலுக்குத் தனியாகக் கருஞ்சிவப்பு கலக்க வேண்டாம், தலையின் செம்பழுப்பையே வையுங்கள். ஒரு நிறம் மிச்சம். அலகும் தலையும் ஒன்றோடொன்று சேர்ந்தும் நிற்கும்.

கண் ஒரே ஒரு கருப்புக் கட்டம். அதற்குள் ஒளிப்புள்ளி வைக்க இடமில்லை. ஆகவே கண்ணுக்கு மேலே உள்ள கட்டத்தில் வெளிர்பழுப்பை வையுங்கள், பார்வை கூர்மையாகிவிடும். இந்தக் கட்டம் புகைப்படத்தில் எங்கும் இருக்காது.

பின்னணியை வெள்ளையாக விட்டால் வெண்மார்பு காணாமல் போகும். மங்கிய சாம்பல்பச்சை வையுங்கள், மார்பு தாளின் வெள்ளையாகவே நிற்கட்டும். பறவையின் புகைப்படத்தைக் கணினியில் கட்டமாக்கிப் பார்த்தால், அலகைச் சுற்றித் தெரியும் இளஞ்சிவப்புக் கட்டங்களைப் பொருட்படுத்தாதீர்கள். அவை சிவப்பும் பின்னணியும் கலந்த சராசரி. ஒவ்வொன்றையும் அலகா, வெளியா என்று பிரித்துவிடுங்கள். சிறகின் கீழ் ஓரத்தில் கருநீலம் ஒரு வரிசை, மற்றதெல்லாம் நீலப்பச்சை. கம்பிக்கு ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வரிசைக் கருப்பு, அதன் மேல் காலுக்கு இரண்டு சிவப்புக் கட்டங்கள்.

செம்பழுப்பு, வெளிர்பழுப்பு, நீலப்பச்சை, கருநீலம், சிவப்பு, கருப்பு, சாம்பல்பச்சை, தாளின் வெள்ளை. எட்டே நிறங்கள்.

இதுவும் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் புள்ளி ஓவியமும் ஒன்றுதானா?

இல்லை. சூரா 1884இல் தொடங்கி 1886இல் காட்சிக்கு வைத்த லா கிராண்ட் ஜாட் தீவு ஓவியம் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம் கொண்டது. இப்போது சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. அதில் புள்ளிகள் கட்டத்துக்குள் அடங்கியவை அல்ல, உருவத்தின் வளைவைத் தழுவிப் போகின்றன. ஒரு புல்வெளியின் பச்சைக்குள் மஞ்சளையும் நீலத்தையும் ஆரஞ்சையும் தனித்தனியே பிரித்து வைத்தார், பார்ப்பவரின் கண் அவற்றைச் சேர்க்கட்டும் என்று. பிக்சல் செய்வது இதற்கு நேரெதிர்: பல நிறங்கள் இருந்த இடத்தை ஒன்றாக்கி வைக்கிறது. இரண்டையும் ஒரே ஓவியத்தில் சேர்த்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. வானத்தின் கட்டங்களை ஒரே நீலத்தால் நிரப்பாமல், இரண்டு நீலங்களையும் ஓர் ஊதாவையும் கலைத்துப் போட்டால் வானத்துக்குள் காற்று நுழைந்ததுபோல் இருக்கும்.

இந்த வழியில் யாருடைய படைப்புகளைப் பார்க்க வேண்டும்?

கணினியின் பக்கத்திலிருந்து இரண்டு பேர். ரஸ்ஸல் கிர்ஷ் 1957இல் அமெரிக்காவின் தேசிய தர நிர்ணயக் கழகத்தில் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176க்கு 176 புள்ளிகளாகக் கணினிக்குள் ஏற்றினார். உலகின் முதல் டிஜிட்டல் படங்களில் ஒன்று அது. சூசன் கேர், 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்கான சின்னங்களை முதலில் கட்டத்தாளில் பேனாவால்தான் வரைந்தார். 32க்கு 32 கட்டம், கருப்பும் வெள்ளையும் மட்டும். சிரிக்கும் கணினி, குப்பைத்தொட்டி எல்லாம் அந்தக் கட்டங்களில் பிறந்தவை. கட்டத்தாளில் தொடங்குகிற நாம் அவர் வழியில்தான் போகிறோம்.

ஓவியர்களில் நான் எல்லோருக்கும் முதலில் காட்டுவது சக் குளோஸ். புகைப்படத்தில் கட்டம் போட்டு மனித முகங்களை ஆளுயரத்துக்கும் மேலே தீட்டியவர். 1988இல் தண்டுவடத்தில் ஏற்பட்ட பாதிப்பால் உடலின் பெரும்பகுதி செயலிழந்தது. அதன் பிறகு கையில் தூரிகையைக் கட்டிக்கொண்டு தீட்டினார். அந்தக் காலத்து முகங்களை நெருங்கிப் பார்த்தால் முகமே இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆரஞ்சு வளையம், அதற்குள் பச்சை, அதற்குள் ஒரு நீலத் துளி. பத்தடி பின்னால் போனால் கன்னம், நெற்றி, கண்ணாடி எல்லாம் கூடி வருகின்றன.

கெர்ஹார்ட் ரிக்டர் ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்துக்கு 2007இல் செய்த கண்ணாடிச் சாளரத்தில் உருவமே கிடையாது. 72 நிறங்களில் 11,000க்கும் மேற்பட்ட சதுரங்கள், பெருமளவு கணினியின் தற்செயல் வரிசையில் அமைந்தவை. இன்வேடர் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞர் 1990களின் இறுதியிலிருந்து பாரிஸ் தெருச்சுவர்களில் 1978ஆம் ஆண்டு விளையாட்டான ஸ்பேஸ் இன்வேடர்ஸின் உருவங்களைச் சிறு ஓடுகளால் பதித்து வருகிறார். கட்டத்தை ஓட்டால் நிரப்பும் முறை ரோமானியர் காலத்தது என்பதை இவருடைய வேலை நினைவூட்டுகிறது.

பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

கணக்கு எளிது. நல்ல பார்வை உள்ளவர் 1 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளியைப் பிரித்துணர முடியும். அப்படியானால் 5 மி.மீ. கட்டங்கள் முழுவதுமாகக் கலந்து மறைய ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், 1 செ.மீ. கட்டத்துக்கு 34 மீட்டர். எந்த வீட்டிலும் அவ்வளவு இடமில்லை. கவலை வேண்டாம், உருவம் அடையாளம் தெரிய அவ்வளவு தூரம் தேவையில்லை.

இதற்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மனும் பேலா யூலேஷும் 1973இல் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு கட்டங்களாக்கிக் காட்டினார்கள். நேராகப் பார்த்தால் வெறும் சதுரங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கன். கட்டங்களின் கூரிய ஓரங்கள்தான் முகத்தை மறைக்கின்றன, ஓரம் மங்கினால் முகம் வெளிவருகிறது என்று விளக்கினார்கள். அந்த லிங்கனைப் பார்த்த சல்வடோர் டாலி, 1970களின் நடுவில் அதையே எண்ணெய் வண்ண ஓவியமாக்கினார். கிட்டே நின்றால் கடலைப் பார்த்து நிற்கும் தன் மனைவி காலா, 20 மீட்டர் தள்ளினால் லிங்கன். தூரம் ஓவியத்தின் தலைப்பிலேயே இருக்கிறது.

தீட்டும்போது இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடிக்கடி எழுந்து அறையின் எதிர்மூலைக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அல்லது செல்போனில் படமெடுத்துச் சிறியதாக்கி, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்தக் கட்டம் துருத்துகிறது என்று உடனே தெரியும்.

நம் மரபில் இதற்கு உறவு உண்டா? புள்ளிக் கோலம்தானே?

பலரும் கோலத்தைத்தான் சொல்கிறார்கள். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு உண்டு என்பது உண்மை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதி ஆய்வு செய்தார்கள். ஆனால் சிக்குக் கோலத்தில் புள்ளி ஒரு வழிகாட்டி, கோடு அதைச் சுற்றி வளைந்து போகிறது. புள்ளியே படம் ஆவதில்லை.

நெருங்கிய உறவு நெசவில் இருக்கிறது. பட்டுச்சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் உருவம் அமைப்பவர்கள் அன்னத்தையும் யாளியையும் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகிறார்கள். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அதைப் பார்த்து, தறியின் இழைகளை இயக்கும் ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். துளை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இல்லாதபோது கட்டத்தாளின் கட்டங்களும் சதுரமாக இருக்காது, துணியில் அன்னம் நசுங்காமல் இருக்க அதற்கேற்ற விகிதத்தில் கோடு போட்டிருப்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால் காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு தாளைப் பாருங்கள். அன்னத்தின் கழுத்து வளைவில் படிகள் எப்படிக் குறைந்து கூடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள், மேலே வட்டத்துக்குச் சொன்ன அதே விதி.

கட்டம் சதுரமாகத்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. படத்தைச் சதுரங்களாகப் பிரித்த கிர்ஷே பிற்காலத்தில் சதுரத்தின் போதாமையை உணர்ந்து, வெவ்வேறு வடிவப் பிக்சல்களால் படத்தை அமைக்கும் முயற்சியில் இறங்கினார். செங்கல் அடுக்குப்போல் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக்கட்டம் தள்ளியும் தீட்டலாம். முக்கோணம், அறுகோணம் எல்லாம் முயலலாம். சதுரத்தில் கை படிந்த பிறகு.

கதைப்படங்களில் இந்தப் பாணி எடுபடுமா?

இடம் பார்த்துப் பயன்படுத்தினால் மிக நன்றாக எடுபடும். முழுப் படத்தையும் கட்டமாக்குவதைவிட, ஒரு பகுதியை மட்டும் கட்டமாக்குவது பல நேரம் வலுவாக இருக்கிறது. பாட்டியின் நினைவு மங்கிப் போவதைச் சொல்லும் கதைக்கு, பாட்டியை இயல்பாகத் தீட்டி, அவர் பார்க்கும் ஜன்னலுக்கு வெளியே உள்ள தெருவை மட்டும் கட்டங்களாக்கலாம். கட்டங்கள் ஜன்னலுக்கு அருகே சிறியதாகவும் தொலைவில் பெரியதாகவும் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. செய்திகளில் பாதிக்கப்பட்டவர்களின் முகத்தைக் கட்டங்களால் மறைத்துக் காட்டுவதை நாம் எல்லோரும் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆகவே இயல்பான உடலில் முகம் மட்டும் கட்டமாக இருந்தால், வாசகர் அதை மறைக்கப்பட்ட முகமாகவே படிப்பார். கதைக்கு அது வேண்டும் என்றால் மிக வலிமையான கருவி. வேண்டாம் என்றால் முகத்தைத் தொடாதீர்கள்.

தவறான நிறத்தை வைத்துவிட்டால்?

போஸ்டர் கலர், அக்ரிலிக் என்றால் நன்றாகக் காயவிட்டு மேலே தீட்டுங்கள். வாட்டர் கலர் என்றால் சுற்றியுள்ள கட்டங்கள் காய்ந்த பிறகு, ஈரத் தட்டைத் தூரிகையால் அந்தக் கட்டத்தை மட்டும் நனைத்து, காகிதக் கைக்குட்டையால் ஒற்றியெடுங்கள். சில நிறங்கள் முழுவதும் போகாது.

குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

கட்டாயம். கணக்கு நோட்டுக் கட்டமும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். வரைய வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்குக் கட்டம் பெரிய தைரியம் தருகிறது.

இப்படித் தீட்டியதை விற்கலாமா?

உங்கள் சொந்தப் புகைப்படத்திலிருந்தோ கற்பனையிலிருந்தோ தீட்டியது என்றால் தடையில்லை. விளையாட்டுப் பாத்திரங்கள் அந்தந்த நிறுவனங்களின் உரிமை. பழகுவதற்குத் தீட்டுவது வேறு, விற்பது வேறு. பழைய ஓவியத்தைக் கட்டமாக்க விரும்பினால் உரிமைக்காலம் முடிந்ததை எடுங்கள். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள். ரவிவர்மா 1906இல் மறைந்தார், அவருடைய ஓவியங்களை யாரும் எடுத்துக்கொள்ளலாம். நிறம் செறிந்த அவருடைய சேலை மடிப்புகள் கட்டத்துக்குள் வருவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

செல்போனில் படமெடுத்துப் பகிர்ந்தால் கட்டங்கள் கோணலாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

சாதாரண ஓவியத்தில் கண்ணுக்குத் தெரியாத சாய்வு, கட்ட ஓவியத்தில் அப்பட்டமாகத் தெரியும். முடிந்தால் ஸ்கேன் செய்துவிடுங்கள். செல்போன்தான் என்றால் ஓவியத்தைச் சுவரில் நேராக மாட்டி, போனை அதன் நடுமையத்துக்கு நேராகப் பிடித்து, திரையில் கட்டக்கோடுகளைக் காட்டும் வசதியை இயக்கிக்கொண்டு, ஓவியத்தின் கோடுகளை அவற்றோடு பொருத்துங்கள். மிக நெருங்கி எடுத்தால் லென்ஸ் ஓரங்களை வளைக்கும். இரண்டடி பின்னால் போய், இரட்டிப்பு ஜூமில் எடுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம், போஸ்டர் கலரின் அடர் நிறங்களில் அது வெள்ளைப் படலமாக விழும்.

படத்தைச் சிறியதாக்கும்போது சில கட்டங்கள் அகலமாகவும் சில ஒல்லியாகவும் மாறுவதுண்டு. சிறியதாக்கிய படத்தின் அகலம் கட்ட எண்ணிக்கையின் மடங்காக இருந்தால் இது வராது. 24 கட்ட மீன்கொத்திக்கு 960 அல்லது 1,200 புள்ளி அகலம் வையுங்கள்.